இரட்சிக்கப்பட்ட திகதி

லண்டன் பிளேஸ்டோவில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் கனகேஸ்வரிக்கு இருபது வருடம். முதியவர் பிடித்து நடக்கும் சட்டத்தைச் சற்றுத் தள்ளிவைத்தால்தான் ஆள் தன் காலில் நிற்கிறாரா என்று தெரியும். அது அவள் வேலையில் கற்றது.

அவள் போகும் கிறிஸ்தவ சபையின் புதிய படிவத்தில், இயேசுவை விசுவாசித்த நாளை 'இரட்சிக்கப்பட்ட திகதி' என்று கேட்டிருந்தது. வழக்கம்போல் 2003 மார்ச் 14 என்று எழுதப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். விசாக் கடிதம் வந்த நாள் அது. சைவக் குடும்பத்துப் பெண், கடிதத்தைப் பிடித்துக்கொண்டு இயேசுவே என்று அழுதாள். மறுத்து எழுதியிருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பாள்? விசாவைத் தள்ளிவைத்துப் பார்த்தாள். செபித்து முழங்கால் சுகமானதையும் தள்ளிவைத்தாள். அந்தக் கிழமைதான் ஊசியும் போட்டிருந்தாள்.

கடைசியில் வேறொரு திகதியை எழுதிக் கொடுத்தாள். சபைச் செயலாளர் ஜெபநேசன் நெற்றியைச் சுருக்கினார்.

"அன்ரி, இது அங்கிளை அடக்கம் செய்த அடுத்த நாள் எல்லோ?"

"ஓம். என்ரை மனுசன் பிழைக்கவேணுமெண்டு ஆறு மாதம் செபிச்சனான். பிழைக்கேல்லை. அடுத்த நாள் விடிய எழும்பி, கோவத்தோட திரும்பவும் செபிச்சன். ஆண்டவரிட்டைக் கேக்கிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை."

"அப்ப இதுதான் சரியான திகதி."

"அவசரப்படாதையும். அது வெறும் பழக்கமாயும் இருக்கலாம். வடிவாப் பாரும்."

அவர் பார்த்தார். வேலைக் குறிப்பை எப்போதும் பேனாவால் மட்டுமே எழுதும் கனகேஸ்வரி, அந்தத் திகதியைப் பென்சிலால் எழுதியிருந்தாள்.