காற்று வாங்கிய வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மோட்டார்சைக்கிளில், கார்புரேட்டரையும் இஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் விழுந்திருந்த வெடிப்புக்கு, சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பசையைப் பூசினேன். வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் செய்த காரியம் இது. திருவள்ளூர் தாண்டுவதற்குள் பெட்ரோல் அந்தப் பசையைக் கரைத்துக் குடித்துவிட்டது. பட்டுப்புடவையோடு பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இறங்கி, இடுப்பில் கையை வைத்து வண்டியைப் பார்த்தபடி நின்றாள். அப்படி நிற்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், அம்மாவிடம்.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில் இருந்தோம். நைனாவுக்கு இரும்பு ஆலையில் வேலை. சோக்கை இழுத்துவிட்டபடி வாரம் முழுக்க வண்டியை ஆலைக்கு எப்படியோ ஓட்டிவிடுவார். ஞாயிறு வந்து, திருநின்றவூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போக அம்மா தலைவாரத் தொடங்கினால் போதும், வாசலில் கார்புரேட்டர் அக்கக்காகக் கிடக்கும்.

"ஜெட்ல அடைப்பு எட்த்துக்கினு இருக்கேன் இல்ல?" என்பார்.

"வாராவாரம் அதே பேஜாரு" என்று அம்மா பின்னலை அவிழ்ப்பாள்.

மாமா புது ஃப்ளாட் வாங்கினார். கூடப்பிறந்தவள்தான் வந்து பால் காய்ச்ச வேண்டும். இந்தத் தடவை வண்டி படுத்தால் நைனாவோடு பேசுவதே இல்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். பயந்துபோய் நானே பஜார் மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"கார்புரேட்டர்ல ஒண்ணியும் இல்லடா. ரப்பர் வெடிச்சிக்கினு அந்த ஓட்ட வழியா வண்டி காத்து வாங்குது. ஒங்க நைனாவுக்கு எத்தினி தபா சொல்றது?"

எனக்குத் தெரிந்து காற்று வாங்குவதென்றால் பழவேற்காடு கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்பது. வண்டி அதை எப்படிச் செய்கிறது என்று புரியாவிட்டாலும், பழைய வண்டி ஒன்றிலிருந்து அவர் கழற்றிக் கொடுத்த நல்ல ரப்பரோடு வீட்டுக்குப் பறந்தேன்.

நைனா அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எவன்டா குட்த்தான்?"

"மாட்டுங்க" என்றாள் அம்மா.

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. மறுநாள் அம்மா பால் காய்ச்சினாள். மாமா நைனாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டினார். பிறகு பால்கனியில் நின்று, சாப்பாட்டுப் பந்திக்கே கேட்கும்படி, "இன்னா மாப்ள, இன்னும் இந்தத் தகரத்தயா ஓட்டிக்கினு கீறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் இலையில் அவரைக் காணோம். கீழே வண்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இன்னா நைனா பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்டா."

வண்டியைத்தான் சரிபண்ணியாயிற்றே, இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. பாயசம் ஆறிக்கொண்டிருந்தது, ஓடிவிட்டேன்.

திருவள்ளூர் சாலையோரத்தில் மனைவியிடம் இதையெல்லாம் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். முழுவதும் கேட்டாள்.

"அது சரி. எங்கண்ணன் ஊட்டுக்குன்னா மட்டும் ஒங்க வண்டியும் காத்து வாங்குமா? பஸ் வருது, கையக் காட்டுங்க."