சத்ரு சம்ஹாரம், விசாக நட்சத்திரம்

சத்ரு சம்ஹார வழிபாட்டுக்குச் சத்ருவின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும் என்று நம்பியிருந்தேன். பகவான் எனக்குச் செய்த அனுக்கிரகம் அந்த முட்டாள்தனத்தில்தான் தொடங்குகிறது.

சத்ரு, என் மனைவியின் தம்பி ஹரி. ஸ்ரீவராகம் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் வீடு அவனுடையது. இருவரும் ஒரே மாலை வகுப்பில் சாக்ஸபோன் மாணவர்கள். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மாணவர்களின் ஜாஸ் கச்சேரியில் சாக்ஸபோனுக்கு ஒரே இடம். ஆடிஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, என் வாத்தியம் கீச்சிட்டதைப் பதிவு செய்து குடும்ப வாட்ஸாப்பில் போட்டான். கீழே ஒரு வரி: "அத்திம்பேர் ஆத்துல பசு பிரசவம்." என் மாமியார்கூடச் சிரிக்கும் பொம்மை போட்டார்.

அன்று சோறு இறங்கவில்லை. அவன் மேடையேறக் கூடாது. நேராகக் கோவிலுக்குப் போய், ரசீதுக் கவுண்டரில் வழிபாட்டுக்கு அவன் பெயரும் நட்சத்திரமும் கொடுத்தேன்: "ஹரிஹரன், விசாகம்." கண்ணை மூடி மனமுருகி வேண்டினேன்.

வெளியே வரும்போது கவுண்டர்காரர் மலையாளம் கலந்து கேட்டார்: "ஹரிஹரன் மகனாணோ சாரே?"

"இல்லை, அவன்தான் சத்ரு."

"அய்யோ சாரே. பேரு யாரோடதோ, பலன் அவருக்கல்லே. இனி ஹரிஹரனோட சத்ருவுக்குத்தான் கேடு."

ஹரிஹரனுடைய சத்ரு நான்.

உடனே என் பெயரிலும் ஒன்று செய்தேன். ஆனாலும் அவனுடையது முன்னால் போய்ச் சேர்ந்திருக்குமே. தினமும் விடியற்காலை சன்னதியில் நின்று, "என்னைக் காப்பாத்து" என்று அழுதேன். வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் ஊதினேன். ஜாஸில் இரண்டாவது, நான்காவது அடியில் தட்ட வேண்டும். பஜனையில் பழகிய என் கை முதல் அடியிலேயே விழும். தோசைக்கு நடுவிலும் தட்டிப் பழகினேன்.

"என்ன அத்திம்பேரே, சாமி வந்துடுத்தா?" என்றான் ஹரி, வாசலில் நின்று.

அவன் ஸ்கூட்டர் டயர் பக்கம் நீண்ட என் கையைப் பகவான்தான் தடுத்தார்.

ஆடிஷனில் என் வாத்தியம் ஒரு முறைகூடக் கீச்சிடவில்லை. கால் சரியான அடியில் தட்டியது. அது என் மூச்சே இல்லை. உயிருள்ளவரை இந்த நன்றி தீராது. இன்றும் விடியற்காலை தரிசனமும் சாதகமும் தவறுவதில்லை. பயமோ பகையோ, அப்படியே அவரிடம் கொண்டு போங்கள். கோபிக்க மாட்டார்.

ஆடிஷனுக்கு மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். முதலில் ஹரியின் பெயரைத் தேடினேன். இல்லை. பிறகு என் பெயரைத் தேடினேன். அதுவும் இல்லை. சாக்ஸபோன் இடம் ஒரு பி.காம். மாணவிக்குப் போயிருந்தது.