மூன்று மூடி டானிக்

எனக்கு 'க' வராது. வேறு எழுத்துகளில் எப்போதாவது சிக்கிக்கொள்வேன். 'க'வில் மட்டும் நிச்சயம். வீடு கோவில்பத்தில். வேலை காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில், குமாஸ்தாவாக. பேருந்தில் கண்டக்டர் "எங்க சார்?" என்று கேட்டால், பதில் சொல்வதற்குள் நிறுத்தம் போய்விடும். அதனாலேயே சைக்கிள் வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசியில் பூவத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். கிளம்பும்போது அத்தை மகன் பையிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். யோசனை சொல்வதில் பத்து வயது மூத்தவர். காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருந்ததால், எங்கள் ஊரில் அந்தச் சரக்குக்காக யாரும் எல்லை தாண்ட வேண்டியதில்லை; தாண்டி வருகிறவர்கள்தான் அதிகம்.

"ரெண்டே மூடி மாப்ள. மருந்து மாதிரி. நாக்கு அவுந்துடும்."

"வா... வாசன, மச்சான்?"

"கிராம்ப மெல்லு. ஒன்ன யாரு மோந்து பாக்கப் போறா?"

குடித்தேன். நெஞ்சு எரிந்தது. பெண் வீட்டில் போய் உட்கார்ந்தபோது பேச்சு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டது போல இருந்தது. பெண்ணின் அப்பா நெல் விவசாயி. அவரிடம் என் படிப்பு, அலுவலகத் தபால்கள், தட்டில் இருந்த வடையின் ஓட்டை வரை பேசித் தீர்த்தேன். பெண் காப்பி வைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக நின்றாள்.

திரும்பும்போது மச்சான் முதுகில் தட்டினார். "பிச்சு ஒதறிட்ட மாப்ள. ஒரு எடத்துல கூட நிக்கல."

வழியில் அவரும் நாலு மூடி போட்டிருந்தார் என்பதை நான் யோசிக்கவில்லை.

கல்யாணம் ஆயிற்று. அதன் பிறகு அதிகாரியிடம் பேச இரண்டு மூடி, டெலிபோன் என்றால் மூன்று. டானிக் பாட்டில் ஒன்றில் ஊற்றி வைத்துக்கொண்டு, வயிற்றுக்கு என்று மனைவியிடம் சொன்னேன். நம்பிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

சில வருஷம் கழித்து, சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அவள் அண்ணன் ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி அதன் முன் என்னை உட்காரவைத்துப் பேப்பரைக் கையில் கொடுத்தாள். வாசித்தேன். பிறகு அவளே டானிக் பாட்டிலைக் கொண்டுவந்து மூன்று மூடி ஊற்றினாள்.

"இப்ப குடிச்சிட்டு அதையே இன்னொரு வாட்டி வாசிங்க."

என் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் குடித்தேன். இரண்டாம் முறை வாசித்தது அருமையாக வந்ததாகவே தோன்றியது. மாலையில், தெளிந்த பிறகு, இரண்டையும் போட்டுக் காட்டினாள். முதலில் எங்கெல்லாம் நின்றேனோ, இரண்டாவதிலும் அங்கெல்லாம் நின்றிருந்தேன். நடுவில் நானே சிரித்திருந்தேன். 'ழ'வும் 'ற'வும் குழைந்து கூழாகியிருந்தன.

"நல்லா வா... வாசிச்ச மாதிரி இருந்துச்சே."

"ஒங்களுக்கு இருந்துச்சுங்க. பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான். எங்க படிச்சீங்கன்னு அப்பா கேட்டாரு. நீங்க 'கும்பகோணம்'னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் அடுப்படில காப்பி ஆத்தி முடிச்சிட்டேன்."

"தெரிஞ்சுமா சரின்னு சொன்ன?"

"அப்பா யார் பேச்சையும் அவரே முடிச்சி வச்சிடுவாரு. ஒங்ககிட்டயும் 'காரைக்காலா'ன்னாரு, 'சிதம்பரமா'ன்னாரு. நீங்க இல்லன்னு தலைய ஆட்டிட்டு, நீங்களாத்தான் சொல்லி முடிச்சீங்க. அது புடிச்சிருந்துச்சு. அந்தக் கிராம்பு வாசனதான் புடிக்கல."

சிலருக்குக் குடித்தால் திக்கல் குறையும் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எனக்குத் திக்கல் குறையவில்லை; அதைக் கேட்கிற காதுதான் மங்கியிருந்தது. பாட்டிலை அன்றே கழுவிக் கவிழ்த்தோம்.

அடுத்த மாதம் புது அதிகாரி வந்தார். ஒவ்வொருவரையும் ஊர் கேட்டார். என் முறை வந்தது. "கோ... கோ..." தலைமைக் குமாஸ்தா உதவிக்கு வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ரொம்ப நேரம் கழித்து வார்த்தை வெளியே வந்தது.

"கோவில்பத்தா? அங்க வாடகைக்கு வீடு கெடைக்குங்களா?" என்றார் அதிகாரி.

வீடு பற்றிக் கால்மணி நேரம் பேசவேண்டியதாயிற்று. வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் பேசினேன். பிறகு அவர் எங்கள் தெருவுக்கே குடிவந்தார். ஞாயிறு தவறாமல் என்னோடு பேச வந்து உட்கார்ந்துவிடுவார்.

மனைவிக்குத்தான் எரிச்சல். அவர் போனதும் பையைக் கொண்டுவந்து என் மடியில் போடுவாள். "இப்படிப் பேசிக்கிட்டே இருந்தா ரேஷனுக்கு யாருங்க போறது?"