நான் போட்ட முடிச்சு

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது இது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் எங்கள் ஊர்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாழைத்தார் சுமந்தே வளர்ந்தேன். முப்பத்தைந்து வயதில் நாலு வண்டி, ஊரிலேயே முதல் ஓட்டு வீடு. யார் தயவும் இல்லை. நான் பாரம் கட்டினால் திருநெல்வேலி டவுண் போய்ச் சேரும்வரை ஒரு கயிறு நெகிழாது. இதை இன்றும் சொல்லுவேன். அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்னைத்தான் தலைவராக வைத்தார்கள்.

கொடைக்கு எட்டு நாள் முன்னால் வீட்டுக்கு ஓர் ஆணுக்குத் தலைவர் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டுவார். கொடை முடிந்து தலைவரே அதை அவிழ்க்கும்வரை அவர்கள் ஊர் எல்லை தாண்டக் கூடாது. வடக்கே எல்லை ஆறு.

மூன்றாம் நாள் காலை, என்னோடு தார் சுமந்த கூட்டாளி ஒருவர் வந்தார். அந்தக் காலத்தில் என்னை 'ஏலே' என்பார். நான் வண்டி வாங்கிய பிறகு 'அண்ணாச்சி' என்றார். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவருடைய ஒரே மகளை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். தாயில்லாத பெண், பிரசவத்துக்கும் மாமியார் வீட்டிலேயே இருந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு நேத்துலருந்து நோவு. அப்பாவக் கூப்பிடுங்கன்னு அழுதாளாம். காப்ப அவுத்துவிடும். ஒரு எட்டு பாத்துட்டு உச்சிக்குள்ள வந்துருதேன். திரும்பக் கட்டிவிடும்."

பந்தக்கால் ஊன்றிக்கொண்டிருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். இளகினால் தலைவருக்கு என்ன மரியாதை என்று தோன்றியது.

"நீரு போயி மருத்துவமா பாக்கப் போறீரு? கட்டுன காப்ப நடுவுல அவுத்தா ஊருக்கே கேடு வே. அஞ்சு நாள் பொறும். பேரப்பிள்ளையத் தூக்கிட்டே வாரும்."

பந்தலில் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

அன்று முழுதும் அவர் ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கோடையில் நடந்தே கடக்கிற ஆறு. கடக்கவில்லை.

மறுநாள் காலை அங்கிருந்து ஆள் வந்தது. தாயும் பிள்ளையும் தங்கவில்லை.

அவர் நேரே என்னிடம் வந்தார். அழவில்லை. கையை நீட்டினார்.

"ஏலே, தீட்டாயிட்டுல்லா. இப்ப அவுக்கலாம்லா."

சாவுத் தீட்டுள்ளவர் கையில் காப்பு இருக்கக் கூடாது. அதுவும் எங்கள் வழக்கம்தான். அவிழ்க்கப் பார்த்தேன். தண்ணீர் பட்டு முடிச்சு இறுகிக் கிடந்தது. அவர் கையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் பல்லால் கடித்து அறுத்தேன். அவர் ஆற்றில் இறங்கி நடந்தார். தண்ணீர் அவர் இடுப்பைக்கூடத் தொடவில்லை.

அதன் பிறகு எத்தனையோ கொடை நடத்திவிட்டேன். வீட்டில் யாருக்காவது முடியவில்லையா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் காப்புக் கட்டுகிறேன். இப்போதுள்ள பிள்ளைகள் அதைப் பெருந்தன்மை என்கிறார்கள். உயிரோடு இருந்தவளுக்காக அவிழ்க்காத முடிச்சைச் செத்தவளுக்காகப் பல்லால் அறுத்தவன் நான் என்று அவர்களிடம் சொல்லும் தைரியம் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.