செத்தவர்களின் விலாசம் கேட்கும் வெர்டி

வெர்டி ஸ்டிடம் என்ற பெயரை ஆல்டீன் முதன்முதலில் கேட்டது முடி திருத்தும் கடையில், தலையைத் தொட்டிக்குள் சாய்த்து, கண்ணுக்குள் சோப்பு நுரை இறங்கிக்கொண்டிருந்தபோது. பக்கத்து நாற்காலிப் பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க மாமனாரோட அப்பாவ வெர்டியக்காதான் கண்டுபிடிச்சுக் குடுத்தாங்க. சுரங்கத்துல செத்துட்டாருன்னு அழுது முடிச்ச ஆளு, ஓஹையோவில இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு ஏழு புள்ளை பெத்து சௌக்கியமா இருந்திருக்காரு. மாமனாரு இன்னும் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

ஆல்டீன் ஈரத் தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "யாருடி அந்த வெர்டி?"

வெர்டி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். கென்டக்கி மலைக்குள் எந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீடு, எந்த வீட்டுக்கு எந்த வீட்டோடு ஆகாது, எந்தப் பிள்ளைக்கு யாருடைய மூக்கு என்பதெல்லாம் ஓட்டுநர் கண்ணாடி வழியாகவே அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற மறுநாள் நீதிமன்றத்தின் நிலவறைக்குள் இறங்கினாள். அங்கே பழைய பத்திரங்களும் கல்யாணப் பதிவுகளும் இருக்கின்றன. மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி, இரண்டும் இருக்கும்போதே மூன்றாவதை மேசையடியில் தேடுவாள். கோலா பாட்டிலுக்குள் வறுத்த வேர்க்கடலையைக் கொட்டிக் குலுக்கிக் குடிப்பாள். உள்ளே தின்னக்கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. அவள் குடிக்கும்போது குமாஸ்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

செத்தவர்களைப் பற்றி அவள் செத்தவர்களாகப் பேசுவதில்லை. "இந்த மனுஷன் ஆயிரத்து எண்ணூத்தி எண்பது கணக்குல இங்கதான் இருக்காரு, ரெண்டு பசு, ஒரு சோம்பேறி மச்சான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல ஆளக் காணோம். சொல்லாம கொள்ளாம எங்க போனாரு?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பாள், அவர்தான் ஒளித்து வைத்திருப்பதுபோல. இரண்டுக்கும் நடுவில் எடுத்த 1890-ஆம் வருஷத்து மக்கள் கணக்கு தீயில் போனதை, கல்யாணத்தில் சண்டை போட்ட சித்தப்பனைத் திட்டுவதுபோல இன்றைக்கும் திட்டுவாள்.

ஆல்டீனுக்கு அவள் தேவைப்பட்டதற்குக் காரணம் அண்ணன் ஹோபர்ட். நிலக்கரித் தூசி தின்ற நுரையீரல். மூக்கில் பிராணவாயுக் குழாய். ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், ஒன்றே ஒன்றுதான் வேண்டும் அவருக்கு: லாரல் ஓடை மேட்டில், ஸ்லோன் குடும்பத்து ஆட்கள் படுத்திருக்கும் இடத்தில் தானும் படுக்க வேண்டும். ஆனால் மேட்டின் அடியில் கரி இருக்கிறது. புதிதாக வந்த கம்பெனி பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டது. கோடையில் மேட்டையே சீவி எடுப்பார்கள். மேலே கல்லறைக்கு அடையாளமாக நட்டிருப்பதோ எழுத்தில்லாத வயல்காட்டுக் கற்கள்.

கம்பெனிக்காக நில விவகாரம் பார்க்கும் பிரென்டிஸ் மரியாதையான பையன். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். "பாத்தா வெறும் கல்லாத்தான் இருக்கும்மா. மேல இருக்கறவங்ககிட்ட நான் எதைக் காட்டுவேன்? இன்னாரு இங்க புதைஞ்சிருக்காங்க, நீங்க அவங்க வம்சம்னு மாநில முத்திரையோட ஒரே ஒரு காகிதம் கொண்டாங்க. மே மாசக் கடைசி ஞாயிறு, கல்லறைக்குப் பூ வைக்கிற அன்னிக்கு, நானே கேட்டைத் திறந்துவிடறேன். மேட்டையும் தொட விடமாட்டேன்."

ஆல்டீன் தலைநகர் ஃபிராங்க்ஃபர்ட் வரை போய் மாநில ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பார்த்தாள். 1911-க்குப் பிறகு செத்தவர்களுக்கு மாநிலம் சான்றிதழ் எழுதி வைத்திருக்கிறது. எங்கே புதைத்தார்கள் என்பதும் அதில் இருக்கும். அதற்கு முந்தியவர்கள் கடவுளின் கணக்கு. மேட்டில் கிடப்பவர்களில் 1911-ஐத் தாண்டி உயிரோடு இருந்தது கொள்ளுப்பாட்டி மகாலா ஒருத்திதான். பெயர்ப் பட்டியலில் மகாலா ஸ்லோன்கள் சிலர் இருந்தார்கள். சொந்த மாவட்டத்தில் செத்தவர் ஒருவரும் இல்லை.

வெர்டி ஆல்டீன் வீட்டுக்கு வந்தது ஒரு மழை நாளில். காகிதம் எதையும் கேட்கவில்லை. சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு, அவரைக் குழம்பில் சோள ரொட்டியைப் பிசைந்துகொண்டே ஹோபர்ட்டைப் பார்த்தாள்.

"மகாலா எங்க இருக்கா?"

"மேட்டுலதான் இருக்கா. வேற எங்க போவா?" என்றார் ஹோபர்ட்.

"அது இப்ப. உசுரு போறப்ப எங்க இருந்தா?"

"வீட்லதான்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றத நான் பஸ்லயே நிறையக் கேட்டாச்சு அண்ணே. அவளப் பத்தி உங்க வீட்ல சிரிச்சுக்கிட்டே சொல்ற கதை எதாச்சும் இருக்கா? அழுத கதை வேண்டாம். அழுத கதையில எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

ஹோபர்ட்டின் முகம் மலர்ந்தது. அது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "எங்க தாத்தா எலைஹூ சொல்லுவாரு. மகாலாவப் பெட்டியில வச்சுக் கோவேறு கழுதை இழுத்துட்டு வருது. சனியன், நட்டநடு ஓடையில படுத்துக்கிச்சு. பாதிரியாரு ஜபம் பண்றாரு, எந்திரிக்கல. எங்க தாத்தா கெட்ட வார்த்தையில திட்டுனாரு, உடனே எந்திரிச்சுச்சு! பாதிரியாரு கடைசி வரைக்கும் தாத்தாவ மன்னிக்கல."

ஆல்டீன் சிரித்தாள். நூறு தடவை கேட்டதுதான், இருந்தாலும் சிரித்தாள். வெர்டி மட்டும் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"உங்க பழைய வீடு ஓடைக்கு எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்."

"மேடு?"

"அதுவும் இந்தப்..." ஹோபர்ட் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார்.

"அப்ப வீட்லேர்ந்து மேட்டுக்குப் போற பொணத்துக்கு ஓடையில என்ன வேலை?"

ஆல்டீன், "அந்தக் கரை வேற மாவட்டமாச்சே," என்றாள், தனக்கே சொல்வதுபோல.

"மகாலா என்ன தொழில் பண்றா?" என்றாள் வெர்டி.

"பிரசவம் பாப்பா."

"அவ்வளவுதான். யாருக்கோ வலி எடுத்துருக்கு, இவ ஓடையத் தாண்டிப் போயிருக்கா, போன எடத்துல விழுந்துருக்கா. நம்ம ஆளுங்களுக்கு இதே பொழப்பு கண்ணு. எங்க செத்தாலும் வீட்டுக்குத் தூக்கியாந்து குளிப்பாட்டிக் கிடத்தி, விடிய விடிய முழிச்சு உக்காந்துருவோம். பேரன் காலத்துல கேட்டா, 'வீட்லதான் செத்தா'ம்போம். நான் பாத்த வரைக்கும் இந்த மலையில வெளிய செத்தவன் ஒருத்தனும் கிடையாது."

ஆல்டீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுத்த மாவட்டத்தில் செத்த ஒரு மகாலா ஸ்லோனைப் பட்டியலில் அவளே பார்த்திருந்தாள். நம்ம ஆள் வீட்டில்தானே செத்தாள் என்று சான்றிதழை எடுத்துக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போயிருந்தாள்.

"இப்பவே போலாம்," என்றாள்.

"ரொட்டி மிச்சம் இருக்கு," என்றாள் வெர்டி.

மறுநாள் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வெர்டிதான் காரை ஓட்டினாள். ரயில் தண்டவாளம் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்டினாள். புல் முளைத்து மூடிப்போன தண்டவாளத்தையும் விடவில்லை. "அக்கா, இதுல ரயில் ஓடி நாப்பது வருஷமாச்சு," என்றாள் ஆல்டீன். "பின்னாடி புள்ளைங்க இருக்குது," என்றாள் வெர்டி. பின்சீட்டில் ஆல்டீனின் கைப்பை மட்டும் இருந்தது.

காப்பகத்தில் சான்றிதழ் திரையில் வந்து நின்றது. மகாலா ஸ்லோன். 1917. ஓடைக்கு அந்தக் கரை. நெஞ்சு நின்று மரணம். புதைத்த இடம்: லாரல் ஓடை, குடும்ப நிலம். தகவல் சொன்னவர்: மகன் எலைஹூ ஸ்லோன். கொள்ளுப்பாட்டி, மேடு, தாத்தா, மூன்றும் ஒரே காகிதத்தில். ஆல்டீன் போட்ட கூச்சலில் அந்த அமைதியான கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். ஒரு கிழவர் எழுந்து நின்று கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் கூச்சலின் அர்த்தம் தெரியும்.

"இந்தா இருக்கா," என்றாள் வெர்டி, தொலைந்த பிள்ளையைச் சந்தையில் கண்டவள்போல. "நல்லாத்தான் இருக்கா."

மே மாதக் கடைசி ஞாயிறு காலையில் பிரென்டிஸ் அந்தக் காகிதத்தைத் தொப்பியின்மேல் வைத்து, வரி வரியாகப் படித்தான். முத்திரையை விரலால் தடவினான். பிறகு பூட்டைத் திறந்து, சங்கிலியைச் சுருட்டித் தன் வண்டிக்குள் எறிந்தான். "இது இனிமே வேண்டாம்," என்றான். ஸ்லோன் குடும்பத்து வண்டிகள் ஹாரன் அடித்தபடி மேட்டில் ஏறின. பொரித்த கோழி, ஆப்பிள் வைத்த அடுக்கு கேக், வாளி வாளியாகப் பூ. எழுத்தில்லாத ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பூங்கொத்து.

ஹோபர்ட்டை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். மகாலாவின் கல்லுக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டார். வேண்டாம் என்று எல்லாரும் கத்தக் கத்தக் குழாயோடு புல்லில் மல்லாந்து படுத்து, கால் நீட்டி அளவு பார்த்தார். "சரியா இருக்கு. கொஞ்சம் இடது பக்கம் வேர் குத்துது." பேத்திகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். வெர்டி வந்து நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தன் தட்டை, கோழித் துண்டும் கேக்குமாக, அவர் வயிற்றின்மேல் வைத்தாள்.

"சாப்பிட்டுட்டு எந்திரிங்க அண்ணே. உங்களுக்கு இன்னும் தேதி போடல."

பிரென்டிஸ் தள்ளியே நின்றுகொண்டிருந்தான். கூட்டம் கலையும் நேரத்தில் வெர்டியிடம் வந்தான். "எங்க தாத்தாவ எங்க புதைச்சாங்கன்னு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதும்மா," என்றான் மெதுவாக. வெர்டி பக்கத்தில் கிடந்த மடக்கு நாற்காலியைக் காலால் விரித்து அவன் பக்கம் தள்ளினாள்.

ஹோபர்ட் இன்னும் உயிரோடு இருக்கிறார். வெர்டி இப்போது ஃபிராங்க்ஃபர்ட் காப்பகத்தில் இருக்கிறாள், பிரென்டிஸின் தாத்தாவோடு.