ஒரு வரித் தடை

சிலி நாட்டு வால்டிவியா ஆற்றின் கறுப்புக் கழுத்து அன்னங்களை அலகை வைத்தே ஒவ்வொன்றாக அடையாளம் காணும் கணினி நிரலை எழுதியவள் எலியானா வென்ச்சுயான். மூல நிரலை யாரும் எடுக்கலாம், எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு இணையத்தில் போட்டிருந்தாள். ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் அதை எடுத்து, ஊர்வலம் போன மாணவர்களின் முகங்களைக் கண்டுபிடிக்கப் பழக்கிவிட்டது. கேள்விப்பட்ட அன்றே அடுத்த பதிப்பின் உரிமத்தில் ஒரு வரி சேர்த்தாள்: மனிதரை அடையாளம் காண இதைப் பயன்படுத்தக் கூடாது.

கூட வேலை பார்த்த ருபேன் பதறினான். "ஏம்மா, தடை போட்டா அது கட்டற்ற மென்பொருளே இல்லையே! நம்ம ஆளுங்களே கட்டற்ற மென்பொருள் பட்டியல்லேருந்து உன் நிரலைத் தூக்கிருவாங்க."

"தூக்கட்டும்."

"பழைய பதிப்பு அவனுங்க கையில இருக்கே? அதுக்கு உன் தடை செல்லாது."

"செல்லாதுதான். இனிமே எழுதுறதுல ஒரு எழுத்துகூட அவனுங்களுக்குக் கிடையாது."

பட்டியலிலிருந்து தூக்கினார்கள். நண்பர்கள் சிலர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் வரியை அழிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தப் பாதுகாப்பு நிறுவனத்தின் அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "பழைய பதிப்பு ஆளை மாத்தி மாத்திக் காட்டுதுங்க. புதுசுல சரி பண்ணிட்டீங்களாமே? அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டீங்கன்னா..."

"சரி பண்ணிட்டேன்," என்றாள் எலியானா. "அன்னங்களுக்காக. உங்களுக்காக இல்ல."