டைரக்டரியில் இருந்த பிள்ளை

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது கட்டிவிட்ட கதையில்லை. நடந்தது. பட்டவளே என்னிடம் சொன்னாள்.

தொலைபேசி டைரக்டரி போடுகிற அச்சகம் ஒன்று. அங்கே பெயர்களைத் தொகுப்பவளை எல்லோரும் ‘கண்ணாடியக்கா’ என்பார்கள். லட்சம் பெயருக்கு நடுவே ஒரு பொய்ப் பெயரைச் செருகிவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். வேறு கம்பெனிக்காரன் காப்பியடித்தால் அந்தப் பெயரும் கூடவே போய் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கா எந்தப் பெயரைச் செருகினாள் தெரியுமா? ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போன பிள்ளைக்கு எடுத்துவைத்திருந்த பெயரை. முகவரி அவள் தெருதான். அவள் போட்ட கதவு எண் மட்டும் அந்தத் தெருவில் கிடையாது. இருபத்திரண்டு வருடம். புதுப் புத்தகம் வந்ததும் அந்த ஒரு வரியை விரலால் தடவிப் பார்ப்பாள். ஒருவருக்கும் தெரியாது.

அந்த வருடம் ஒரு கம்பெனி மாட்டிக்கொண்டது. வழக்கு. மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். ‘இப்படி ஒருவர் எக்காலத்திலும் இருந்ததில்லை’ என்று அக்கா சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும்.

“போடுங்கக்கா. இல்லாத ஆளு வந்து சண்டையா போடப்போறான்?”

தாளை வீட்டுக்கு எடுத்துப்போனாள். அன்றைக்குத்தான் புருஷனுக்கே விஷயம் தெரிந்தது.

“என்னம்மா நீ... இல்லாதவனுக்கா இவ்வளவு அழுகை?”

“இல்லாதவன்னு சொல்றீங்களே... யாரைச் சொல்றீங்க?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: “போட்டுடும்மா. வேலை போயிடும்.”

மறுநாள் பிற்பகல். மணி 3:10. எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பேனா இரண்டு தடவை மக்கர் செய்தது. மூன்றாம் தடவை எழுதியது.

கையெழுத்திட்டாள்.

ட்ரிங்... ட்ரிங்...

மேசைத் தொலைபேசி. இரண்டு நாளாகச் செத்துக்கிடந்த இணைப்பு.

எடுத்தாள்.

மூச்சிரைக்கிற சத்தம்... ஓடிவந்தவனைப் போல.

“யாருப்பா?”

“...”

“யாரு?”

“போட்டுட்டியாம்மா?”

அவ்வளவுதான்.

3:11.

மூன்று வாரம் கழித்து வழக்கு வந்தது. எதிராளிகள் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்கள்.

“நாங்க காப்பியடிக்கலைங்க. அந்தப் பையனே போன வருஷம் நேர்ல வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போனான்.”

பெயர் அதே. கதவு எண் அதே. வயது இருபத்தொன்று. தாயார் என்ற இடத்தில் கண்ணாடியக்காவின் பெயர்.

நீதிபதி மேசையில், அவள் சத்தியம் செய்த தாளை ஒட்டியே அது கிடந்தது. கடைசிக் கட்டத்தில், ‘பெயர் சேர்க்கக் காரணம்’ என்ற கேள்விக்கு எதிரே, இப்போதுதான் எழுதப் பழகிய பிள்ளையின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது.

‘அம்மா தேடினா நான் கிடைக்கணும்.’

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் யாரைக் கூப்பிட்டாலும் “இதோ வந்துட்டேன்” என்று ஒரு குரல் எப்போதும் இருக்கட்டும்.